விட்டுட்டோம் என்கிற பொய்

லகாட் பக்கத்து லம்பக் குட்டை ஒன்றின் கரையில் நடந்த தூண்டில் போட்டி அது. யார் நடத்தினார்கள் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. அவர்கள் கெட்டவர்களும் இல்லை. கூடாரம், தராசு, மேசை மேல் வரிசையாகக் கோப்பைகள், ஒலிபெருக்கியில் பழைய பாட்டு. மதியம் 1 மணிக்கு எடை போட ஆரம்பித்தார்கள். ஓர் அண்ணன் கறுப்பு வாளியிலிருந்து ஒன்றரைக் கிலோ பீக்காக் பாஸை வாயைப் பிடித்துத் தூக்கினார். அது காலை 9 மணிக்குப் பிடித்த மீன். நாலு மணி நேரம் வாளியில் கிடந்திருக்கிறது.

"அண்ணே, மீன் சாயுதே?"

"தண்ணியில போட்டா எழுந்துக்கும் தம்பி."

கொக்கியில் மாட்டி எடை பார்த்தார்கள். அப்புறம் படம். அவர் மகன் கையில் கொடுத்து ஒரு படம், ஏற்பாட்டாளர் கையில் கொடுத்து ஒரு படம். மீன் ஒருமுறை கை நழுவி மணலில் விழுந்தது. எடுத்துத் துண்டால் துடைத்தார்கள். பிறகு கரையிலிருந்தே தண்ணீருக்குள் வீசினார்கள். "நம்ம போட்டியில மீன் சாகாது, பிடிச்சு விட்டுருவோம்" என்று ஒலிபெருக்கி சொன்னது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து அதே குட்டைக்குப் போனேன். காற்று ஒதுக்கும் மூலையில் வெள்ளை வயிறுகள் மிதந்தன. எண்ணினேன், 11. கரையில் உட்கார்ந்திருந்த பெரியவர், "தண்ணி சரியில்ல போல" என்றார். தண்ணீரில் ஒரு கோளாறும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கை தட்டி வழியனுப்பிய மீன்கள்தான் அவை.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். மீனைக் கொல்வதென்றால் சட்டென்று கொன்று தின்னுங்கள். வாழ விடுவதென்றால் அது வாழ்வதற்கு என்ன வேண்டுமோ அதைச் செய்யுங்கள். நாலு மணி நேரம் சாகடித்துவிட்டு அதற்கு "விட்டுட்டோம்" என்று பெயர் வைக்காதீர்கள்.

இலக்கிய இதழில் எதற்கு மீன்பிடிப் போட்டி என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஒரு சொல்லின் பொருளைக் காலி செய்துவிட்டு அதே சொல்லுக்குக் கை தட்டுவது இலக்கிய வாசகர்களுக்குப் பழக்கமான விவகாரம் என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் அந்தக் குட்டைகளைப் பற்றி. கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகத்தின் பெரிய ஈய வயல்களில் ஒன்று. லகாட், பாப்பான், பூசிங், பத்து காஜா, தஞ்சோங் துவாலாங் என்று போகும் வழியெல்லாம் மண்ணைத் தோண்டிக் கழுவி ஈயம் எடுத்தார்கள். 1985 அக்டோபர் 24-ஆம் தேதி லண்டன் உலோகச் சந்தையில் ஈய வியாபாரம் நிறுத்தப்பட்டது. விலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த அனைத்துலக ஈய மன்றத்திடம் பணம் தீர்ந்து போனதுதான் காரணம். அதற்குப் பிறகு லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடின. மிச்சமானது வெள்ளை மணலும் பச்சைத் தண்ணீரும். பக்கத்துத் தோட்டங்களும் பின்னால் துண்டு போட்டு விற்கப்பட்டன. பால்மரம் நின்ற இடத்தில் தாமான் வந்தது. லயத்திலிருந்து தாமானுக்கு வந்த நம் ஆட்களுக்குக் காசு கொடுக்காமல் உட்கார ஓர் இடம் என்று மிஞ்சியது இந்தக் குட்டைகள்தான்.

இவற்றில் பெரும்பாலானவை ஆறு அல்ல. ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போகும் ஓட்டம் கிடையாது. மழை நிரப்புகிறது, வெயில் குறைக்கிறது. உள்ளே இருக்கிற மீன்தான் மீன். போட்டியில் 60 பெரிய மீன்கள் செத்தால் ஆற்றிலிருந்து வேறு 60 ஏறி வராது. அதனால்தான் பெரியவர்கள், "முன்ன மாதிரி இப்ப கடிக்கறதில்ல" என்கிறார்கள். அந்த வாக்கியத்தின் எழுவாய் நாம்தான் என்பதை மட்டும் சொல்வதில்லை.

இப்போது கொஞ்சம் கணக்கு. கதை எழுதுகிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறியியல் படித்தவனுக்குக் கோபம் வந்தால் கணக்குத்தான் போடத் தெரியும்.

30 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் அதிகபட்சம் ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் உயிர்வளியைத்தான் பிடித்து வைத்திருக்கும். 20 பாகையில் 9 மில்லிகிராம். தண்ணீர் சூடாக ஆக உயிர்வளி குறைகிறது, அதே சூட்டில் மீனின் தேவை கூடுகிறது. நம்ம ஊர் மதிய வெயிலில் இந்த இரண்டும் சேர்ந்துதான் மீனின் கழுத்தைப் பிடிக்கின்றன. 40 லிட்டர் பெட்டி ஒன்றில் மூன்று ஒரு கிலோ மீன்களைப் போடுகிறீர்கள் என்று வையுங்கள். பெட்டியில் மொத்தம் 300 மில்லிகிராம் உயிர்வளி. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன் தத்தளிக்க ஆரம்பிக்கும் என்பதால் உருப்படியாகக் கிடைப்பது 180 மில்லிகிராம். போராடிக் களைத்த மீன் கிலோவுக்கு மணிக்கு 300 மில்லிகிராம் இழுக்கிறது என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். மூன்று மீனுக்கு மணிக்கு 900. காற்றுப் பம்ப் இல்லையென்றால் 12 நிமிடம். நாங்கள் வைத்திருந்தது நாலு மணி நேரம்.

தூண்டிலில் மாட்டி இழுபடும் மீனின் நிலை, மூச்சு முட்ட ஓடிவந்த மனிதனின் நிலை. தசையில் அமிலம் ஏறியிருக்கும். அந்த நேரத்தில்தான் நாம் அதைத் தண்ணீரை விட்டு வெளியே எடுத்துப் படத்துக்குச் சிரிக்கிறோம். வெளியே வந்ததும் செவுளின் மெல்லிய இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காற்றில் இவ்வளவு உயிர்வளி இருந்தும் எடுத்துக்கொள்ள முடியாது. உலர்ந்த கையும் துண்டும் மணலும் அதன் மேல்தோல் வழவழப்பை உரித்துவிடும். நமக்கு அருவருப்பாக இருக்கிற அந்த வழவழப்புதான் மீனுக்கு நோய்க்கு எதிரான சுவர். உரிந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். கனத்த மீனை வாயில் மட்டும் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் தாடையும் உள்ளுறுப்பும் அடிபடும். தண்ணீருக்குள் அதன் எடையை எந்த எலும்பும் அப்படித் தாங்கியதில்லை.

இதில் எதுவும் உடனே கொல்லாது. விட்டவுடன் வாலை ஆட்டி உள்ளே போகும். நாம் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போவோம். சாவு அடுத்த ஓரிரு நாளில் நடக்கும். அமெரிக்காவில் பாஸ் மீன் போட்டிகளை ஆராய்ந்தவர்கள் இதைத் தாமதச் சாவு என்று தனியாகவே கணக்கெடுக்கிறார்கள். எடை போட்ட மீன்களை வலைக்கூண்டில் சில நாள் வைத்துப் பார்த்தால், உயிரோடு "விடுபட்டவை" பிறகு செத்துப்போவது தெரிகிறது. தண்ணீர் சூடான மாதங்களில் அது கூடுகிறது. அவர்களுக்குக் கோடை என்று ஒரு பருவம். நமக்கு வருஷம் முழுக்க அதுதான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்கலாம். ரே ஸ்காட் என்கிற அலபாமாக்காரர் 1960-களின் கடைசியில் பாஸ் மீன் போட்டிகளைப் பெரிய அளவில் நடத்தத் தொடங்கினார். செத்த மீன்களைக் கோர்த்துத் தொங்கவிட்டுப் படம் எடுப்பது அப்போது வழக்கம். 1972-இல் அவர் தன் போட்டிகளில் மீனை உயிரோடு கொண்டுவந்து எடை போட்டுத் திரும்ப விடும் முறையைக் கொண்டுவந்தார். படகில் காற்றோட்டமுள்ள மீன்தொட்டி, செத்த மீனுக்கு எடையில் கழிவு என்று விதிகள் வந்தன. அங்கேயும் தவறுகள் நடந்தன, ஆய்வுகள் வந்தன, கையேடுகள் எழுதினார்கள், திருத்தினார்கள். 2019-இல் தொடங்கிய பாஸ் புரோ டூர் என்ற போட்டித் தொடரில் மீனைக் கரைக்குக் கொண்டுவருவதே இல்லை. படகில் நடுவர் இருக்கிறார். பிடித்த இடத்திலேயே எடை போட்டு, எழுதிக்கொண்டு, அங்கேயே விடுகிறார்கள்.

நாம் அங்கிருந்து சட்டையை எடுத்துக்கொண்டோம், தொப்பியை எடுத்துக்கொண்டோம், மீனை முகத்துக்கு முன்னால் நீட்டிப் பெரிதாகக் காட்டும் படத்தை எடுத்துக்கொண்டோம். "பிடித்து விடுவோம்" என்ற வாசகத்தையும் எடுத்துக்கொண்டோம். காற்றுப் பம்பையும் விதியையும் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டோம்.

இன்னொரு வேடிக்கை. நம்ம ஊர் தோமான் பாஸ் மாதிரி இல்லை. விரால் குடும்பம். வளர்ந்த தோமான் அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடித்தே ஆகவேண்டும். அதை விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி மூடிய பெட்டியிலோ, தண்ணீருக்கடியில் இறுக்கிக் கட்டிய வலைப்பையிலோ போட்டால் தண்ணீருக்குள்ளேயே மூழ்கிச் சாகும். மீன் மூழ்கிச் சாவது என்று யாராவது கதையில் எழுதினால் மாய யதார்த்தம் என்போம். இங்கே அது போட்டி நாளில் நடக்கிறது. அமெரிக்கக் கையேட்டை அப்படியே மொழிபெயர்த்தாலும் போதாது, நம்ம மீனைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

தோமான் குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் பந்து மாதிரிக் கூட்டமாக மேலே வந்து காற்றுக் குடிக்கும். கீழே அப்பனும் ஆத்தாவும் காவல். அந்தப் பந்தைப் பார்த்ததும் அதன் நடுவில் தூண்டில் போடுவது நம்மவர்களுக்கு வீரம். காவல் மீன் கோபத்தில் பாய்ந்து கடிக்கும், பசியில் கடிப்பதில்லை. அதை இழுத்துக்கொண்டு எடை போட ஓடினால், அரை மணி நேரத்தில் குஞ்சுகளை மற்ற மீன்கள் முடித்துவிடும். அப்போது தராசில் ஏறுவது ஒரு மீனின் எடை மட்டும் இல்லை.

இனி எதிர்வாதங்கள். இதை வாட்சாப் குழுவில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவன் என்பதால் எல்லாமே எனக்கு மனப்பாடம்.

முதல் வாதம்: "நீ மீன் கறி சாப்பிடுறதில்லையா?" சாப்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா வைக்கும் புளிக்குழம்புக்கு இரண்டாவது தட்டு கேட்பவன். சாப்பிடுவதற்குக் கொல்வதில் பசி இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, மீனுக்கு ஒரு முடிவும் இருக்கிறது. தமிழில் மீன்பிடியைப் பற்றி எழுதப்பட்ட நல்ல எழுத்தெல்லாம் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. சுந்தர ராமசாமி மொழிபெயர்த்த தகழியின் 'செம்மீன்' ஆகட்டும், ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' ஆகட்டும், அங்கே மீன் என்பது வயிறும் கடலும் சாவும். படத்துக்காகப் பிடித்துவிட்டு விடுகிற மீனை எழுத நம்மிடம் இன்னும் மொழி உருவாகவில்லை. அதனால்தான் இரவல் வாசகம் இவ்வளவு சுலபமாக எடுபடுகிறது.

இரண்டாவது வாதம்: "பீபி நம்ம ஊர் மீனே இல்ல, செத்தா நல்லதுதான்." இது கொஞ்சம் கனமான வாதம். பீக்காக் பாஸ் தென்னமெரிக்காவின் மீன். வாலில் மயில் கண் மாதிரிப் புள்ளி வைத்திருக்கும் அழகன், ஆனால் பெருந்தீனிக்காரன். பனாமாவின் காத்துன் ஏரிக்குள் 1967 வாக்கில் அது நுழைந்த பிறகு அங்கிருந்த சின்ன மீன்களுக்கு என்ன ஆனது என்பதை ஜாரெட்டும் பெய்னும் 1973-இல் எழுதினார்கள்: பல இனங்கள் ஏரியிலிருந்து ஏறக்குறைய துடைத்தெடுக்கப்பட்டன. ஆகவே இந்த மீனைத் திரும்ப விடக்கூடாது என்று ஒருவர் சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். அப்படியானால் அதையே விதியாக எழுதுங்கள். பிடித்தவுடன் தலையில் ஒரே அடி, ஐஸ் பெட்டி, மாலையில் குழம்பு. ஒலிபெருக்கியில், "இது வந்தேறி மீன், பிடித்ததைத் தின்போம்" என்று அறிவியுங்கள். நானே மிளகாய்த்தூள் கொண்டு வருகிறேன். ஆனால் இதே ஆட்கள் அடுத்த வாரம் வேறொரு குட்டையில் பீபி குஞ்சுகளை வாளியில் கொண்டுபோய் விடுகிறார்கள், "பிறகு பிடிக்கலாம்" என்று. கொல்லும்போது மட்டும் சூழலியல் பேசுவதை எப்படி நம்புவது?

மூன்றாவது வாதம்தான் என்னைக் கொஞ்சம் குத்தியது. "ஏழை ஆளுங்க பொழுதுபோக்குல வந்து படிச்சவன் மூக்கை நுழைக்கிறான்." கோல்ஃப் மைதானத்தைப் பற்றி எழுதாமல் குட்டைக்கு ஏன் வருகிறாய் என்பது இதன் உள்ளர்த்தம். நியாயமான கேள்வி. ஆனால் யோசித்துப் பாருங்கள். காசுள்ளவனுக்கு இந்தக் குட்டை காலியானால் தெமெங்கோர் ஏரி இருக்கிறது, படகு வீடு இருக்கிறது, கட்டணக் குளம் இருக்கிறது. குட்டை செத்தால் நஷ்டம் யாருக்கு? மோட்டார்சைக்கிளில் பின்னால் பையனை உட்காரவைத்து, 5 வெள்ளிக்குப் புழு வாங்கிக்கொண்டு வருகிறவருக்குத்தான். அதோடு, ஏழைகள் என்றால் விதி தெரியாது, விதி கூடாது என்பது அவர்கள் மீதான மரியாதை இல்லை. என் தாத்தா காலத்தில் பால்மரத்துக்கு எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்று ஒவ்வொரு தொழிலாளிக்கும் தெரியும். பட்டைக்கு உள்ளே போய் மரத்தைத் தொட்டுவிட்டால் காயம். காயப்பட்ட மரம் பால் தராது. நாளைக்கும் அதே மரத்திடம்தான் வரவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். கத்தி பிடித்த கைக்குத் தெரிந்தது தூண்டில் பிடித்த கைக்குத் தெரியாதா?

நான்காவது: "இதெல்லாம் எழுதி என்ன ஆகப்போகுது?" காவிரியைப் பாருங்கள். அங்கே கூன்முதுகு மஹசீர் என்று ஒரு பெரிய மீன், நம்ம ஊர் கெலாவின் இனம். கர்நாடகத்தில் காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் கலிபோரே என்ற இடத்தில் தூண்டில் முகாம் நடந்தது. பிடித்த ஒவ்வொரு மீனையும் எடை போட்டு, எழுதி வைத்து, திரும்ப விட்டார்கள். 1998 முதல் 2012 வரைக்குமான அந்தக் குறிப்பேடுகளை ஆராய்ச்சியாளர்கள் 2015-இல் அலசினார்கள். வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹசீர் பெருகப் பெருக, கூன்முதுகு மஹசீர் மறைந்துகொண்டே வந்தது அந்த ஏடுகளில் பதிவாகியிருந்தது. 2018-இல் அதன் அறிவியல் பெயர் டோர் ரேமாதேவி என்று உறுதியானது. மிக மோசமான அழிவு அபாயத்தில் இருப்பதாகப் பட்டியலிட்டார்கள். அதற்குள் காவிரி முகாம்களில் தூண்டிலே நின்றுபோயிருந்தது. ஒரு மீன் அழிந்துகொண்டிருக்கிறது என்று உலகத்துக்குச் சாட்சி சொன்னது தூண்டில்காரர்களின் நோட்டுப் புத்தகம். நம்முடைய போட்டிகளில் என்ன எழுதி வைக்கிறோம்? முதல் பரிசு யாருக்கு என்பதை மட்டும்.

மறுபக்கத்தில் சுவிட்சர்லாந்து மாதிரியான நாடும் இருக்கிறது. திரும்ப விடுகிற நோக்கத்தோடு மீன் பிடிப்பதையே அவர்களது 2008 விலங்குப் பாதுகாப்பு ஆணை தடுக்கிறது. விளையாட்டுக்காக ஓர் உயிரை வதைக்காதே, தேவையென்றால் பிடித்துத் தின்னு என்பது அதன் தர்க்கம். எனக்கு அது முழுக்க ஒப்புதல் இல்லை. ஆனால் அதில் பொய் இல்லை. நம்முடையதில் இருக்கிறது.

சரி, என்ன செய்யச் சொல்கிறேன்? கோடிக்கணக்கில் செலவு எதுவும் இல்லை. மதிய வெயிலில் போட்டி வேண்டாம்; விடிகாலை தொடங்கி 11 மணிக்கு முடியுங்கள். மீனைக் கூடாரத்துக்குக் கொண்டுவராமல், தராசோடு நாலு தொண்டர்களைக் கரையில் நடக்க விடுங்கள். பிடித்த இடத்திலேயே எடை, ஒரு படம், விடுதல். நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க முடிகிற நேரம்தான் மீன் வெளியே இருக்கவேண்டிய நேரம். கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள், வயிற்றுக்குக் கீழே இன்னொரு கை கொடுங்கள். முடிச்சு போட்ட நைலான் வலைக்குப் பதில் ரப்பர் வலை. ரப்பர் விளைந்த ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லவேண்டியிருக்கிறது. முள்ளின் கொக்கிப் பல்லை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். முழுங்கிவிட்டால் பிடுங்காமல் நரம்பை வெட்டிவிடுங்கள். பெட்டியில் வைத்தே ஆகவேண்டும் என்றால் மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்ப் வையுங்கள், மீன்கடையில் கிடைக்கும். தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். ஐஸை அப்படியே கொட்டாமல் மூடிய பாட்டிலில் போடுங்கள், குட்டைத் தண்ணீரைவிட 5 பாகைக்கு மேல் குளிர வைக்காதீர்கள். தோமானுக்குப் பெட்டியின் மேலே காற்றுக்கு இடம் விடுங்கள். குஞ்சுப் பந்தை அடித்துப் பிடித்த மீனுக்குப் பரிசு கிடையாது என்று எழுதுங்கள். செத்த மீனுக்கு எடை இல்லை என்றும் எழுதுங்கள். இந்தக் கடைசி விதி ஒன்று போதும், மற்றதையெல்லாம் ஆட்கள் தானாகக் கற்றுக்கொள்வார்கள்.

நம் நாட்டில் ஆற்று, குளத்து மீன்வளம் மாநில அரசின் அதிகாரத்தில் வருகிறது. ஆகவே பேராக் அரசிடம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கு அரசாணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நுழைவுச் சீட்டின் பின்பக்கத்தில் ஆறு வரி அச்சடிக்க எவ்வளவு ஆகும்?

போன வாரம் அந்த அண்ணனைச் சாப்பாட்டுக் கடையில் பார்த்தேன். 11 மீன் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் தே தாரிக்கைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"அப்ப என் மீனும் அதுல இருந்துச்சா?"

"தெரியலண்ணே. எல்லாம் ஊதிப் போயிருந்துச்சு."

"என் பையன் தெனம் கேக்கறான், அந்த மீன் இப்ப எவ்ளோ பெருசா ஆயிருக்கும்னு."

அவர் அவனிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அடுத்த போட்டி அடுத்த மாதம். அவர் ஏற்பாட்டுக் குழுவில் இருக்கிறார். காற்றுப் பம்ப் எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டு, கடைப் பெயரைக் கைத்தொலைபேசியில் எழுதிக்கொண்டு போனார்.